உஷார்! குளிசைப் பை நிறைந்திருக்கிறது, பிரஷர் இறங்கியிருக்கிறதா?

மாதம் தவறாமல் கிளினிக் போகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை. போகாதவர்களின் ஆபத்து ஊருக்கே தெரியும். போகிறவர்களின் ஆபத்துத்தான் வீட்டுக்காரருக்கே தெரியாமல் கிடக்கிறது.

வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், நுரைச்சோலை, கற்பிட்டி என்று இந்தக் கரையில் எந்த ஊரில் இருந்தாலும் சரி, இன்றைக்கே உங்கள் கிளினிக் கொப்பியை எடுங்கள். கடைசி மூன்று தடவையும் எழுதிய பிரஷர் எண்களை மட்டும் பாருங்கள். மேல் எண் 140 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் கீழ் எண் 90 அல்லது அதற்கு மேல் என்று திரும்பத் திரும்ப இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் விழுங்கும் குளிசை உங்களுக்குப் போதவில்லை, அல்லது நீங்கள் அதை விழுங்க வேண்டியபடி விழுங்கவில்லை. இரண்டில் எது என்று யாரும் உங்களிடம் கேட்டார்களா? சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் மேல் எண் 130ஐத் தாண்டினாலே டொக்டரிடம் வாய் திறக்க வேண்டும்.

இதை எங்கோ அமெரிக்காவில் எடுத்த கணக்கை வைத்துச் சொல்லவில்லை. புத்தளம் மாவட்டத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். பங்களாதேஷ், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் 2016இல் ‘கோப்ரா’ என்ற பெயரில் ஓர் ஆய்வு தொடங்கியது. சிங்கப்பூர் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை தஸீன் ஜாஃபர் தலைமை தாங்கினார். இலங்கைப் பகுதியை நடத்தியவர் களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித டி சில்வா. இலங்கையில் அவர்கள் தெரிவு செய்தது நம்முடைய புத்தளம் மாவட்டக் கிராமங்களை. தொடக்கத்தில் எடுத்த அளவீடே நெஞ்சைத் திடுக்கிட வைத்தது. பிரஷருக்கு ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லை! மருந்தே தொடாதவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. கொப்பி வைத்திருந்தவர்கள், வரிசையில் நின்றவர்கள், குளிசைப் பையோடு வீடு திரும்பியவர்கள், இவர்களில்தான் பாதிக்கு மேல்.

நாடளாவிய நிலைமையும் லேசானதல்ல. 2021இல் எடுத்த தேசிய அளவீட்டின்படி இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் குருதி அமுக்கம் இருக்கிறது. உலகம் முழுவதையும் எடுத்தால், இந்த நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

“எனக்கொன்றும் செய்யவில்லையே, தலையிடி கூட இல்லையே” என்று இருப்பவர்கள்தான் முதலில் உஷாராக வேண்டும். பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 170இல் இருப்பவர் வலை இழுப்பார், உப்பளத்தில் வேலை செய்வார், கலியாண வீட்டில் பந்தி பரிமாறுவார். உள்ளே மூளையின் நாளமும் சிறுநீரகமும் கண்ணின் பின்திரையும் ஆண்டுக்கணக்கில் கெட்டுக்கொண்டிருக்கும். தலை சுற்றினால் மட்டும் ஒரு குளிசை போட்டுக்கொள்வது இந்தக் கரையோரத்தில் பழகிப்போன பழக்கம். அது மருத்துவம் ஆகாது. பிரஷர் குளிசை தலையிடிக்கு அல்ல. நாளைக்கு வரக்கூடிய பாரிசவாதத்தையும் மாரடைப்பையும் தடுக்க இன்றைக்கு எடுப்பது அது.

இனி கிளினிக்கில் அளக்கும் விதத்துக்கு வருவோம். இங்கேதான் பெரிய ஓட்டை. இலந்தையடியிலிருந்தோ கண்டக்குளியிலிருந்தோ விடிய முன்னமே பஸ் பிடித்து வருகிறார் ஒரு பெண். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பார்கள் என்று காலைச் சாப்பாடும் இல்லை, காலைக் குளிசையும் இல்லை. நம்பர் கிடைக்க ஓடி வந்து வரிசையில் நிற்கிறார். கூப்பிட்டதும் போய் முதுகு சாய்க்க இடமில்லாத வாங்கில் உட்கார்கிறார். சட்டைக் கையின் மேலேயே பட்டியைச் சுற்றுகிறார்கள். கை மடியில் கிடக்கிறது அல்லது தொங்குகிறது. “மகன் எப்படி? வீசா வந்ததா?” என்று பேச்சும் நடக்கிறது. அந்த நேரத்தில் வரும் எண் அவருடைய உண்மையான எண் ஆகாது. கையை மேசையில் வைக்காமல் மடியில் வைத்தாலே மேல் எண் சுமார் 4 கூடுகிறது, பக்கத்தில் தொங்கவிட்டால் 6, 7 வரை கூடுகிறது என்று 2024இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பது, அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி குடித்தது, பீடி இழுத்தது, தடித்த கைக்குச் சின்னப் பட்டி, எல்லாமே எண்ணை ஏற்றும்.

இதில் இரட்டை ஆபத்து இருக்கிறது. பிழையாகக் கூடிய எண்ணை நம்பி மருந்தைக் கூட்டினால், எழும்பும்போது தலை சுற்றி விழுவார் வயதானவர். அதைவிட மோசமானது மற்றது: “நடந்து வந்ததால் கூடியிருக்கும்” என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு பழைய மருந்தையே திரும்ப எழுதுவது. அடுத்த மாதமும் அதே எண், அதே சமாதானம், அதே மருந்து. இப்படியே மூன்று ஆண்டுகள் ஓடிவிடும். என்னைக் கேட்டால், இந்தக் கரையில் பாரிசவாதத்துக்கு வழிவிடும் முதல் காரணம் இந்த ‘அதையே எழுதுவது’தான். எண் கூடியிருந்தால் ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது தடவையும் கூடுதல் என்றால் அன்றைக்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: குளிசையை ஒழுங்காக எடுக்காதது காரணமா, மருந்து போதாதது காரணமா, வேறு ஏதாவது மருந்து குறுக்கே நிற்கிறதா?

நோயாளர் தன் பக்கத்தில் செய்ய முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். டொக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலொழிய, கிளினிக் நாளிலும் காலைப் பிரஷர் குளிசையைக் கொஞ்சத் தண்ணீரோடு விழுங்கிவிட்டே போங்கள். வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனைக்கு அது தடையில்லை. ஆனால் சீனிக் குளிசையையும் இன்சுலினையும் டொக்டரிடம் கேட்காமல் வெறும் வயிற்றில் போட வேண்டாம், அது தனிக் கதை. அளக்கும்போது கையை மேசையில் வையுங்கள், கால் மேல் கால் போடாதீர்கள், பேசாதீர்கள். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். “கொஞ்சம் கூட இருக்கு” என்பது பதில் ஆகாது. உங்கள் உடம்பின் எண், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அடுத்தது, சொல்லப்படாமல் போகும் வார்த்தைகள். ஒரே காலையில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்த்து முடிக்க வேண்டிய ஒரு டொக்டரையும் இரண்டு தாதியரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என்றாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குளிசையை எழுதுகிறார்கள், அந்தக் குளிசை என்ன செய்யும் என்று சொல்வதில்லை. அம்லோடிபின் எடுப்பவருக்குக் கணுக்கால் வீங்கலாம். அவர் “கிட்னி போயிட்டுது” என்று பயந்து தானே நிறுத்திவிடுகிறார். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அதற்குப் பாமசியில் பாணி மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டே இருக்கிறார்கள், லொசார்ட்டனுக்கு மாற்றினாலே இருமல் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. சிறுநீர் கூடப் போகும் குளிசையைப் படகில் போகிறவர் எடுக்கவே மாட்டார். நடுக்கடலில் அவர் படும் பாடு டொக்டருக்குத் தெரியாது. கரைக்கு வந்த பிறகு எடுக்கலாமா என்று கேட்டிருந்தால் வழி கிடைத்திருக்கும். அட்டெனலோலைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சு நோகலாம், மாரடைப்புக்கூட வரலாம். இருதய வருத்தம் உள்ளவர்களுக்கு இது இன்னும் பொல்லாதது. பிள்ளைப்பேறு வயதிலுள்ள பெண் லொசார்ட்டனோ எனலாப்ரிலோ எடுத்தால், மாதவிலக்குத் தள்ளிப்போன உடனேயே சொல்ல வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்கு அவை கேடு. ஆண்களுக்கு இன்னொரு பயம் உண்டு, ‘ஆண்மை போய்விடும்’ என்பது. அதை வெட்கத்தில் வாய்விட்டுச் சொல்லாமல் குளிசையை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அந்தக் குறை பல வேளைகளில் பிரஷராலேயே வருகிறது. சில மருந்துகளால் வந்தாலும் மாற்று மருந்து இருக்கிறது.

டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் ஒரு வேண்டுகோள். “குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களா?” என்று கேட்டால் எல்லாரும் “ஓம்” என்றுதான் சொல்வார்கள். “போன கிழமை எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேளுங்கள். உண்மை வரும். குளிசைக் கடதாசிப் பையில் எழுதியிருப்பது நோயாளருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியா என்றும் பாருங்கள். இந்த மாவட்டத்தில் சிங்களமும் தமிழும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்களில் பலவும் இங்கேதான் குடியேறின. சிங்களம் எழுதிய பையை வாசிக்கத் தெரியாத மூதாட்டி, குளிசையின் நிறத்தை வைத்துத்தான் காலையா இரவா என்று தீர்மானிக்கிறார். கம்பனி மாறி நிறம் மாறியவுடன் எல்லாமே தலைகீழாகிவிடுகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, கிடைத்ததை எழுதிக் கொடுத்த காலத்தில் இந்தக் குழப்பம் எத்தனை வீடுகளில் நடந்திருக்கும் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

நோவுக் குளிசை! இதற்குத் தனியாக மணி அடிக்க வேண்டும். இடுப்பு நோவு, முழங்கால் நோவு என்றால் நேரே பாமசிக்குப் போய் டைக்ளோபினாக்கோ இபுப்ரோபனோ வாங்கிப் போடுகிறோம். வலை இழுக்கிறவர்களும் உப்பு வாருகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் நாள் தவறாமல் போடுகிறார்கள். இவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும், பிரஷர் குளிசையின் வேலையைக் கெடுக்கும். லொசார்ட்டன் அல்லது எனலாப்ரிலும், சிறுநீர்க் குளிசையும், அவற்றோடு இந்த நோவுக் குளிசையும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். புத்தளம் வெயிலில் யார்தான் வியர்க்காமல் இருக்கிறார்? பாமசியில் நோவுக்குக் கேட்கும் போது “எனக்குப் பிரஷர் இருக்கு” என்ற மூன்று சொல்லை முதலில் சொல்லுங்கள். பரசிட்டமோல் அளவோடு போதும். பாமசிக்காரர்களே, நீங்களும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

உப்பு பற்றி. “உப்பைக் குறையுங்க” என்று கிளினிக்கில் சொல்லாத நாளில்லை. ஆனால் உப்பளத்தையும் கருவாட்டு வாடியையும் நம்பி வாழும் ஊரில் அந்த ஒரு வசனம் காற்றோடு போய்விடுகிறது. கற்பிட்டிக் கருவாடு நாடு முழுக்கப் போகிறது. உடப்பின் கூனி இறால் இல்லாமல் சம்பல் ருசிக்காது. இவற்றை விட்டுவிடு என்றால் யாரும் விடமாட்டார்கள். விட வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. இலங்கையரின் சராசரி 8 கிராமைத் தாண்டுகிறது. ஆகவே, சமைக்கும் கையோடு பேச வேண்டும். கருவாட்டைத் தண்ணீரில் ஊற வைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி கழுவுங்கள், கருவாட்டுக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். அன்றைக்குக் கருவாடு என்றால் சம்பலில் உப்பு வேண்டாம், தேசிக்காய் பிழிந்தால் போதும். சோறு வடிக்க உப்புத் தேவையே இல்லை. சூப் கட்டி, பக்கற் நூடில்ஸ், ஊறுகாய், மாசி எல்லாமே உப்புத்தான். கடையில் ‘பிரஷர்காரருக்கு நல்லது’ என்று பொட்டாசியம் கலந்த உப்பு விற்றால், சிறுநீரக வருத்தம் உள்ளவர்களும் லொசார்ட்டன், எனலாப்ரில் எடுப்பவர்களும் டொக்டரிடம் கேட்காமல் தொட வேண்டாம். இந்த அறிவுரையை வரிசையில் நிற்கும் ஆணிடம் மட்டும் சொல்லி என்ன பயன்? சட்டியில் உப்புப் போடுகிற மனைவியிடமும் உம்மாவிடமும் மருமகளிடமும் சொல்ல வேண்டும். அதற்கு வீட்டுக்குப் போக வேண்டும்.

கோப்ரா ஆய்வு செய்ததும் அதைத்தான். அரசின் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நம் பக்கத்தில் குடும்ப நல உத்தியோகத்தரான நம்ம மிட்வைஃப் மிஸ்மாரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள். இலக்கக் கருவியால் பிரஷர் பார்த்தார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், கூடியிருந்தவரைக் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். கிளினிக்கிலும் பிரஷர்காரரை முதலில் வகைப்படுத்திக் கவனிக்க ஏற்பாடு செய்தார்கள், எந்த எண்ணுக்கு எந்த மருந்து, எப்போது கூட்டுவது என்று டொக்டர்மாருக்கு ஓர் எளிய படிமுறை கொடுத்தார்கள். மூன்று நாடுகளிலும் சேர்த்து 30 கிராமங்கள், 2,645 பேர், இரண்டு ஆண்டுகள். வழமையான கவனிப்புக் கிடைத்தவர்களைவிட, இப்படி வீடு தேடிப்போய்க் கவனிக்கப்பட்டவர்களுடைய மேல் எண் சராசரியாக 5 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கியது. பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் 53 சதவீதம், வழமையான கவனிப்பில் 44 சதவீதம்தான். முடிவு 2020 பெப்ரவரியில் நியூ இங்லண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வெளிவந்தது. 5 மில்லிமீற்றர் சின்னது என்று நினைக்க வேண்டாம். அந்த அளவு இறங்கினாலே மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை பத்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. செலவு? நாடு முழுக்க விரித்தால் இலங்கையில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு டொலரளவு என்று மதிப்பிட்டார்கள்.

நம் மண்ணில் நம் மக்களை வைத்து நிரூபித்த வழி இது. உலகம் படித்துவிட்டது. புத்தளத்துக் கிளினிக் ஒவ்வொன்றிலும் இது நாளாந்த வழக்கமாக இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்ட் 5ஆம் திகதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி, பிரஷர், சீனி மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பெரிய மாநிலத்தால் முடிகிறது என்றால் ஒரு மாவட்டத்தால் ஏன் முடியாது? வடமேல் மாகாண சுகாதாரத் திணைக்களம் இதைக் கையில் எடுக்க வேண்டும். மிட்வைஃப்மாரின் தோளில் சும்மா இன்னொரு சுமையை ஏற்றாமல், ஆளையும் கருவியையும் போக்குவரத்துச் செலவையும் கொடுத்து எடுக்க வேண்டும்.

ஆண்களைப் பிடிப்பது தனிச் சவால். 2011 முதல் நாடெங்கும் திறந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகப் பிரஷரும் சீனியும் பார்க்கிறார்கள், அங்கே வருவோரில் ஆண்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் காலையில்தான் திறக்கிறார்கள், நம் ஆண்கள் காலையில் கரைக்கு மீன் கொண்டு வரும் நேரம் அது. மாலையில் ஒரு நாளாவது திறக்க வேண்டும். ஆடி, ஆவணியில் தலவில புனித அன்னம்மாள் திருவிழா, முன்னேஸ்வரத் திருவிழா, உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பு என்று ஆண்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள். அங்கே ஒரு மேசையும் கருவியும் போட்டால் போதும். மேல்கரை கொந்தளிக்கும் வைகாசி முதல் புரட்டாதி வரை கிழக்குக் கரைக்கு வாடி போடப் போகிற மீனவர்களுக்கு, இரண்டு மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுத்து, அங்கே எந்த வைத்தியசாலையில் காட்டலாம் என்று கொப்பியில் எழுதி அனுப்ப வேண்டும். இப்போது அவர்களில் பலர் அந்த மாதங்களில் குளிசையே இல்லாமல் கடலில் இருக்கிறார்கள். காற்றின் போக்கைப் பார்க்காமல் படகு இறக்காதவர்கள் தங்கள் பிரஷரைப் பார்க்காமல் பருவம் முழுக்கப் போய்வருகிறார்கள். நோன்பு பிடிப்பவர்களோடு அதற்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே பேச வேண்டும்: எந்தக் குளிசையை நோன்பு திறந்த பின், எதை சஹரில், சிறுநீர்க் குளிசையை எப்போது. பேசாவிட்டால் முப்பது நாளும் விட்டுவிடுவார்கள்.

இனி, உயிர் போகும் நேரத்துக்கான எச்சரிக்கை. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சுக் குழறினால், அது பாரிசவாதம். நேரத்தைப் பாருங்கள், எப்போது தொடங்கியது என்று நினைவில் வையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், அதிலும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் நேரம் போக வேண்டும். கற்பிட்டி முனையிலிருந்து புத்தளம் வரவே ஒரு மணித்தியாலம் ஆகிவிடும். தேசிக்காய்த் தண்ணீர் பருக்காதீர்கள், புரை ஏறும். பக்கத்து வீட்டுக்காரரின் பிரஷர் குளிசையை நாக்கின் கீழ் வைக்காதீர்கள். பிரஷர் திடீரென்று விழுந்தால் மூளைக்குப் போகும் இரத்தம் இன்னும் குறையும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், பார்வை மங்கல், வலிப்பு, இவற்றோடு மேல் எண் 180ஐத் தாண்டினாலும் அதே அவசரம்தான். ஓட்டோ தேடி நேரத்தைக் கொல்லாதீர்கள், சுவசெரிய அம்பியூலன்சை 1990க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமானாலும் வருவார்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் நோயாளரோடு ஏற்றி அனுப்புங்கள்.